கடலோரம் ஓர் அதிசயக் காடு! கிள்ளையைச் சுற்றிப் பார்க்க வேண்டிய இடங்கள்

மரத்தில் தொங்கும்போதே விதை முளைக்கிறது! மண்ணுக்குள் போகவேண்டிய வேர், வானத்தைப் பார்த்து நிற்கிறது! இலையிலே உப்புப் பூக்கிறது!

இது கதை அல்ல. சிதம்பரத்துக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு காடு இருக்கிறது. அதன் பெயர் பிச்சாவரம் காடு. அந்தக் காட்டின் வாசலில் இருக்கும் ஊர் கிள்ளை.

கிள்ளை பெரிய ஊர் அல்ல. ஒரு பக்கம் நெல் வயல். இன்னொரு பக்கம் உப்புத் தண்ணீர். நடுவே தென்னை மரங்களும், காயப்போட்ட வலைகளும், ஒரு சிறு ரெயில் நிலையமும் இருக்கின்றன. ஆனால், இந்தச் சிறிய ஊரைச் சுற்றி ஒரு நாள் முழுவதும் பார்த்தாலும் தீராத காட்சிகள் இருக்கின்றன.

தண்ணீரில் நிற்கும் காடு

சிதம்பரத்தில் இருந்து கிழக்கே சுமார் 15 கிலோ மீட்டர் போனால் பிச்சாவரம் படகுத் துறை வரும். வடக்கே வெள்ளாறு கடலில் சேருகிறது. தெற்கே கொள்ளிடம் கடலில் சேருகிறது. இந்த இரண்டு ஆறுகளின் வாய்க்கும் நடுவே உப்பங்கழி பரந்து கிடக்கிறது. அந்த உப்பங்கழியில்தான் காடு வளர்ந்திருக்கிறது.

காட்டின் பரப்பு ஏறத்தாழ 1,100 ஹெக்டேர். ஏக்கர் கணக்கில் சொன்னால் 2,700-க்கு மேல். உள்ளே சிறியதும் பெரியதுமாக 51 தீவுகள் இருப்பதாகச் சொல்லுவார்கள். தீவுக்கும் தீவுக்கும் நடுவே வாய்க்கால்கள் வளைந்து வளைந்து ஓடுகின்றன.

படகில்தான் போகவேண்டும். துடுப்புப் படகும் உண்டு. மோட்டார் படகும் உண்டு. குறுகலான வாய்க்கால்களுக்குள் நுழைய வேண்டும் என்றால் துடுப்புப் படகே நல்லது.

துறையை விட்டுப் படகு புறப்படும்போது அகலமான நீர்ப்பரப்பு தெரியும். வெயில் சுடும். சிறிது தூரம் போனதும் படகோட்டி ஒரு வாய்க்காலுக்குள் படகைத் திருப்புவார். அவ்வளவுதான்! வெயில் மறைந்துவிடும். இரண்டு கரையிலும் உள்ள மரங்கள் மேலே ஒன்றோடு ஒன்று கை கோத்துக்கொண்டு கூரை போட்டிருக்கும். குகைக்குள் போவது போல் இருக்கும். தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். துடுப்புச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கேட்காது.

எம்.ஜி.ஆர். நடித்து 1975-ம் ஆண்டு வெளிவந்த "இதயக்கனி" படத்தின் காட்சிகள் இந்த வாய்க்கால்களில்தான் எடுக்கப்பட்டன. அதன் பிறகு இந்த இடத்தின் பெயர் தமிழ்நாடு முழுவதும் பரவியது.

வேர் மூச்சு விடுகிறது!

உப்புத் தண்ணீரை ஊற்றினால் எந்தச் செடியும் கருகிப் போகும். இந்த மரங்கள் மட்டும் எப்படி உயிரோடு இருக்கின்றன?

இங்கே பல வகை மரங்கள் உண்டு. அவற்றில் முக்கியமானவை மூன்று.

ஒன்று, சுரபுன்னை. வாய்க்கால் கரையில் முன்வரிசையில் நிற்பது இதுதான். நடு மரத்தில் இருந்தும் கிளைகளில் இருந்தும் வேர்கள் வளைந்து இறங்கிச் சேற்றில் ஊன்றியிருக்கும். பத்துப் பதினைந்து கால்களில் மரம் நிற்பது போல் தோன்றும். உப்பை உள்ளே விடாமல் வேரே வடிகட்டி விடுகிறது.

சுரபுன்னையின் விதை கீழே விழுந்து முளைப்பது இல்லை. தாய் மரத்தில் தொங்கும்போதே முளை விடுகிறது. முருங்கைக்காய் போல நீளமாக வளர்கிறது. பிறகுதான் விழுகிறது. நீர் வற்றிய நேரத்தில் விழுந்தால் சேற்றில் குத்திக்கொண்டு நிற்கும். நீர் ஏறிய நேரத்தில் விழுந்தால் மிதந்து போய் எங்கேயாவது கரை ஒதுங்கி வேர் விடும். குழந்தையை வளர்த்து ஆளாக்கி அனுப்பும் தாய் போல!

இரண்டாவது, வெண்கண்டல். இதன் அடியில் பார்த்தால், சேற்றில் யாரோ ஆயிரக்கணக்கான பென்சில்களை நட்டு வைத்தது போல் இருக்கும். அவை எல்லாம் வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லை. ஆகவே, மூச்சு விடுவதற்காக வேர் மேலே எட்டிப் பார்க்கிறது. உறிஞ்சிய உப்பை இலை வழியாக இந்த மரம் வெளியே தள்ளி விடுகிறது. இலையைத் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும்.

மூன்றாவது, தில்லை. இதன் கதையே தனி.

ஊருக்குப் பெயர் தந்த மரம்

சிதம்பரத்தின் பழைய பெயர் தில்லை. தில்லை மரக் காட்டின் நடுவே கோவில் எழுந்ததால் அந்தப் பெயர் வந்தது. கோவிலின் தல மரமும் அதுதான்.

ஆனால், இன்று சிதம்பரம் ஊருக்குள் தில்லைக் காடு இல்லை. தில்லை மரத்தைக் காட்டில் பார்க்கவேண்டும் என்றால் பிச்சாவரத்துக்குத்தான் வரவேண்டும்.

தில்லையின் இலை பழுத்து விழும்போது சிவந்துவிடும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால், கை வைக்கக் கூடாது! கிளையை ஒடித்தால் பால் வடியும். அந்தப் பால் தோலில் பட்டால் கொப்புளம் உண்டாகும். கண்ணில் பட்டால் பார்வையே மங்கிப் போகும். குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் இதை முதலிலேயே சொல்லி வைக்கவேண்டும்.

பல்லில் கடித்த பறி

காலை நேரத்தில் போனால், மார்பளவு தண்ணீரில் சிலர் குனிந்து தடவிக்கொண்டே போவதைப் பார்க்கலாம். வலை இல்லை. தூண்டில் இல்லை. வெறும் கைதான்!

இவர்கள் இருளர்கள். கையால் தடவியே இறால் பிடிக்கிறார்கள். ஓலையால் முடைந்த ஒரு சிறு கூடையைப் பல்லில் கடித்துக்கொள்கிறார்கள். அதன் பெயர் பறி. இறால் கையில் அகப்பட்டதும் பறிக்குள் போட்டுவிட்டு மீண்டும் தடவுகிறார்கள். ஆண்களும் பெண்களும் இந்த வேலையைச் செய்கிறார்கள்.

கேட்பதற்கு எளிதாக இருக்கும். செய்வது எளிது அல்ல. சேற்றில் கிடக்கும் கிளிஞ்சல் ஓடு கையைக் கிழிக்கும். முள்ளுள்ள மீன் குத்தினால் வலி உயிர் போகும். பல மணி நேரம் உப்புத் தண்ணீரில் நிற்பதால் தோல் வெடிக்கும். மழைக்காலத்தில் குளிர் வேறு.

இந்தக் காடு அழிந்தால் இவர்களுக்குப் பிழைப்பு இல்லை. மற்ற மீனவர்களுக்கும் பாதிப் பிழைப்பு போய்விடும். ஏன் என்றால், கடலில் பிடிபடும் பல வகை இறால்களும் மீன்களும் சின்னஞ்சிறு குஞ்சாக இருக்கும்போது இந்த வேர்களுக்கு நடுவேதான் ஒளிந்து வளருகின்றன. பெரிய மீன் இங்கே நுழைய முடியாது. உதிர்ந்து அழுகும் இலைகளால் இரைக்கும் பஞ்சம் இல்லை. காடு என்பது மீனுக்குத் தொட்டில்.

குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகளும் இங்கே வந்து இறங்குகின்றன. நாரை, கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி ஆகியவற்றை எந்த நாளிலும் பார்க்கலாம்.

வெட்டினார்கள், உப்பு பூத்தது!

இவ்வளவு அழகான காடு, ஒரு காலத்தில் அழியும் நிலைக்குப் போய்விட்டது.

வெள்ளைக்காரர் ஆட்சியில், விறகுக்காக இந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பகுதியிலும் மரங்களை ஒன்று விடாமல் வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் தானாகவே மரம் முளைத்துவிடும் என்று நினைத்தார்கள். சுதந்திரம் வந்த பிறகும் இந்த வெட்டு சில காலம் தொடர்ந்தது.

மரம் முளைக்கவில்லை. ஏன்?

மரம் போனதும் சேற்றின் மீது வெயில் நேராக விழுந்தது. சேறு காய்ந்தது. காய்ந்த மண் அமுங்கியது. தரை நடுவே பள்ளமாகி, தாம்பாளம் போல் ஆகிவிட்டது. ஓதம் ஏறும்போது கடல் தண்ணீர் பள்ளத்துக்குள் வந்தது. ஓதம் வற்றும்போது திரும்பிப் போக வழி இல்லை. தேங்கிய தண்ணீர் வெயிலில் ஆவியானது. உப்பு மட்டும் தங்கியது. நாளுக்கு நாள் உப்பு ஏறியது. உப்புக்கு அஞ்சாத மரங்களே கூட அங்கே முளைக்க முடியவில்லை!

ஆடு மாடு மேய்ந்ததால்தான் காடு அழிந்தது, ஊர் மக்கள் விறகு வெட்டியதால்தான் அழிந்தது என்று முதலில் பேச்சு இருந்தது. பழி ஏழைகள் தலையில் விழுந்தது. மண்ணை ஆராய்ந்து பார்த்த பிறகுதான் உண்மை தெரிந்தது.

மீன் முள் வாய்க்கால்

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டார்கள்.

வழி மிகவும் எளியது. தேங்கிய தண்ணீர் வெளியே போகவேண்டும். அவ்வளவுதானே? வாய்க்கால் வெட்டினார்கள். நடுவே ஒரு பெரிய வாய்க்கால். அதன் இரண்டு பக்கமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள். மேலே இருந்து பார்த்தால் மீனின் முள் போல் இருக்கும்.

ஒரு நாளில் இரண்டு முறை ஓதம் ஏறுகிறது. இரண்டு முறை வற்றுகிறது. வாய்க்கால் வழியாகப் புதுத் தண்ணீர் வந்தது. பழைய தண்ணீர் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே போனது. உப்புக் குறைந்ததும் வாய்க்கால் ஓரத்தில் கண்டல் கன்றுகளை நட்டார்கள். மண் வெட்டியவர்களும் கன்று நட்டவர்களும் ஊர் மக்களே. சில ஆண்டுகளில் பொட்டல் பச்சையானது!

வாய்க்கால் வெட்டியதோடு வேலை தீரவில்லை. சேறு சரிந்து வாய்க்கால் தூர்ந்துவிடும். அடிக்கடி தூர் வாரவேண்டும். வாராவிட்டால் பழைய கதைதான்.

பிச்சாவரம் காடு 2022-ம் ஆண்டு "ராம்சார்" பட்டியலில் சேர்ந்தது. ஈரான் நாட்டில் உள்ள ராம்சார் என்ற ஊரில் 1971-ம் ஆண்டு ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. உலகத்தில் காப்பாற்றவேண்டிய நீர்நிலைகளின் பட்டியல் அதன்படி தயாராகிறது. கிள்ளைக்குப் பக்கத்துக் காடு இப்போது அந்த உலகப் பட்டியலில் இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. காலை நேரம்.

கடல் பொங்கியது. சுனாமி என்ற சொல்லையே அன்றுதான் பலர் முதன் முதலாகக் கேட்டார்கள். கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் மாண்டார்கள்.

கிள்ளைக்குக் கிழக்கே, காட்டுக்கும் கடலுக்கும் நடுவே, மணல் திட்டில் சில மீனவர் ஊர்கள் இருந்தன. எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால் ஆகியவை அவற்றில் சில. முன்னால் கடல், பின்னால் கழி. ஓடுவதற்கு இடம் இல்லை. அலை வீடுகளை வாரிக்கொண்டு போனது. உயிர் பிழைத்தவர்கள் திட்டை விட்டுக் கரைப் பக்கம் குடியேறினார்கள்.

அதே அலை காட்டுக்குள்ளும் புகுந்தது. ஆனால், ஆயிரக்கணக்கான வேர்களிலும் கிளைகளிலும் மோதி மோதி அதன் வேகம் குறைந்தது. காட்டுக்குப் பின்னால் இருந்த சிற்றூர்களுக்குத் தண்ணீர் வந்தது, அலை வரவில்லை. இருளர்கள் வாழும் எம்.ஜி.ஆர். நகரும் அப்படித் தப்பிய ஊர்களில் ஒன்று. ஏழைகளின் குடிசைகளுக்குக் காடே மதில் ஆனது.

கடலூர் கடற்கரையை ஆராய்ந்த விஞ்ஞானிகள், மரங்கள் இருந்த இடங்களில் சேதம் குறைவு என்று 2005-ம் ஆண்டு "சயன்ஸ்" என்ற புகழ் பெற்ற பத்திரிகையில் எழுதினார்கள். மரம் மட்டும் அல்ல, கடலில் இருந்து உள்ள தூரமும் நிலத்தின் உயரமும் சேர்ந்துதான் காப்பாற்றின என்று வேறு சிலர் வாதாடினார்கள். வாதம் எப்படிப் போனாலும், அங்கே வாழும் மக்களுக்குக் காட்டின் அருமை தெரிந்துவிட்டது.

இந்த மரங்களுக்கு "அலையாத்தி" என்று ஒரு பெயர் உண்டு. அலையை ஆற்றுவது என்பது பொருள். பெயர் பொய்க்கவில்லை.

பெருமாளை வரவேற்கும் முஸ்லிம்கள்

காட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் கிள்ளையில் இன்னொரு அதிசயம் உண்டு. ஆனால், அதைப் பார்க்க மாசி மகத்தன்று வரவேண்டும்.

ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகப் பெருமாள் கோவில் இருக்கிறது. மாசி மகத்துக்குத் தீர்த்தவாரி நடத்த, அந்தப் பெருமாள் அத்தனை தூரம் பயணம் செய்து கிள்ளைக் கடற்கரைக்கு வருகிறார். அந்த இடத்துக்கு முழுக்குத்துறை என்று பெயர்.

வரும் வழியில், கிள்ளை தைக்காலில் ஒரு தர்கா இருக்கிறது. பெருமாள் அங்கே வந்ததும் முஸ்லிம் பெருமக்கள் மாலையும் தட்டுமாக எதிர்கொண்டு வரவேற்கிறார்கள். கோவிலில் இருந்து தர்காவுக்கு மரியாதை போகிறது. தர்காவில் பாத்தியா ஓதுகிறார்கள். பிறகு பெருமாள் கடலுக்குப் போகிறார்.

யாரும் சட்டம் போட்டு வந்த வழக்கம் அல்ல இது. தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது.

பரங்கிப்பேட்டை இரும்பு ஆலை

கிள்ளைக்கு வடக்கே, வெள்ளாற்றின் அக்கரையில் இருப்பது பரங்கிப்பேட்டை. பெயரிலேயே கதை இருக்கிறது. பரங்கியர் என்றால் போர்த்துக்கீசியர். அவர்கள் இதைப் "போர்ட்டோ நோவோ" என்று அழைத்தார்கள். புதுத் துறைமுகம் என்று பொருள். முஸ்லிம் வணிகர்கள் "மஹ்மூது பந்தர்" என்றார்கள். டச்சுக்காரர்களும் இங்கே வந்து வியாபாரம் செய்தார்கள்.

1781-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி, இந்த ஊர் அருகே பெரும் போர் நடந்தது. ஒரு பக்கம் மைசூர் ஐதர் அலி. இன்னொரு பக்கம் ஆங்கிலத் தளபதி அயர் கூட். ஐதர் படை பல மடங்கு பெரியது. ஆனாலும், ஆங்கிலேயர் வென்றார்கள்.

அதைவிட வியப்பான செய்தி வேறு. 1830-ம் ஆண்டு ஹீத் என்ற ஆங்கிலேயர் இங்கே ஓர் இரும்பு ஆலை அமைத்தார். சேலத்தில் இருந்து இரும்புக் கல் வந்தது. அதை உருக்க மரக்கரியை எரித்தார்கள். உலை மரத்தைத் தின்றுகொண்டே இருந்தது. விறகும் கரியும் கிடைப்பது கடினமானது. நஷ்டத்துக்கு மேல் நஷ்டம் வந்தது. கடைசியில் ஆலை மூடிக்கிடந்தது.

இரும்பு போன ஊரில் இப்போது மீன் படிப்பு நடக்கிறது! அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆராய்ச்சி மையம் வெள்ளாற்றின் கரையில் இருக்கிறது. கடல் மீன், நண்டு, சிப்பி ஆகியவற்றை ஆராய்கிறார்கள்.

ஆனந்த நடனம்

சிதம்பரத்துக்குப் போய் நடராசரைப் பார்க்காமல் வரலாமா?

நான்கு திசையிலும் ஏழு நிலைக் கோபுரங்கள். கோபுர வாசலில் நுழையும்போது அவசரப்படக் கூடாது. இரண்டு பக்கச் சுவரையும் நிமிர்ந்து பார்க்கவேண்டும். பரத சாத்திரத்தில் சொல்லப்பட்ட 108 நடன நிலைகள் அங்கே கல்லில் செதுக்கப்பட்டு இருக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவரும் படிக்கக்கூடிய நடனப் புத்தகம் அது!

பொன்னம்பலத்தின் கூரையில் 21,600 பொன் ஓடுகள் இருப்பதாகச் சொல்லுவார்கள். மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் கணக்கு அது என்பது ஐதீகம். பக்கத்தில் ஒரு திரை தொங்கும். திரையை விலக்கினால் சிலை இல்லை. பொன் வில்வ மாலைகள் மட்டும் தொங்கும். இறைவன் ஆகாயமாக இருக்கிறார் என்பது பொருள். "சிதம்பர ரகசியம்" என்று சொல்லுவது இதைத்தான்.

அதே கோவிலுக்குள் கோவிந்தராசப் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். நடராசரையும் பெருமாளையும் ஒரே இடத்தில் நின்று வணங்கலாம். ஆயிரங்கால் மண்டபத்தில்தான் சேக்கிழார் பெரிய புராணத்தை அரங்கேற்றினார் என்பது வரலாறு. ஊரின் வட எல்லையில் தில்லைக் காளி கோவில் இருக்கிறது. நடனப் போட்டியில் தோற்ற காளி அங்கே போய் அமர்ந்ததாகக் கதை.

நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். ஆகவே, காலையில் காட்டையும் மாலையில் கோவிலையும் பார்ப்பது வசதி. பசிக்குச் சிதம்பரம் கொத்சு இருக்கிறது! சுட்ட கத்தரிக்காயை மசித்துப் புளியும் மிளகாயும் சேர்த்துச் செய்வது. இட்லிக்குத் தொட்டுக்கொண்டால் இலையில் ஒன்றும் மிஞ்சாது.

1929-ம் ஆண்டு அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகமும் இந்த ஊரில்தான் இருக்கிறது.

குண்டு விழுந்த ஊர்

இரண்டாம் நாள் கையில் இருந்தால் கடலூர் போகலாம். சிதம்பரத்தில் இருந்து ஏறத்தாழ 45 கிலோ மீட்டர்.

கடலூரில் தேவனாம்பட்டினம் கடற்கரை இருக்கிறது. மணல் வெளுப்பாக இருப்பதால் வெள்ளிக் கடற்கரை என்கிறார்கள். அதன் அருகேதான் புனித டேவிட் கோட்டை இருந்தது.

1690-ம் ஆண்டு மராட்டியர்களிடம் இருந்து ஆங்கிலேயர் இந்தக் கோட்டையை விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு எவ்வளவு நிலம்? அதற்கு ஒரு வேடிக்கையான ஏற்பாடு. பீரங்கியைச் சுடுவது! குண்டு எங்கே விழுகிறதோ, அதுவரை ஆங்கிலேயருக்குச் சொந்தம். நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்கள் எல்லாம் அவர்கள் கைக்குப் போயின. அந்த ஊர்களில் இருந்த விவசாயியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குண்டு உப்பலவாடி என்ற ஊர் இன்றும் இருக்கிறது.

சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்தபோது, 1746-ம் ஆண்டு முதல் 1752 வரை இந்தக் கோட்டைதான் தென்னிந்திய ஆங்கிலேயருக்குத் தலைமை இடம். ராபர்ட் கிளைவ் இங்கே கவர்னராக இருந்தார். 1758-ம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார்கள். இப்போது இடிபாடுகளே மிச்சம்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பாடலீசுவரர் கோவில் இருக்கிறது. தில்லை மரத்தால் தில்லை. பாதிரி மரத்தால் பாதிரிப்புலியூர். இரண்டு ஊர்களுக்கும் மரமே பெயர் கொடுத்தது! அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டபோது, அவர் மிதந்து வந்து இந்தப் பகுதியில் கரை ஏறினார் என்பது ஐதீகம். அந்த இடத்துக்குக் கரையேறவிட்டகுப்பம் என்று பெயர்.

அணையாத அடுப்பு

கடலூர் மாவட்டத்தில் இன்னும் ஓர் இடத்தைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. அது வடலூர்.

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் மருதூரில் 1823-ம் ஆண்டு பிறந்தவர் வள்ளலார் ராமலிங்கர். பசித்தவருக்குச் சோறு போடுவதே பெரிய வழிபாடு என்றார். 1867-ம் ஆண்டு வடலூரில் தருமச்சாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிந்து வருகிறது. சாதி, மதம் கேட்காமல் யார் போனாலும் சோறு உண்டு. பக்கத்தில் 1872-ம் ஆண்டு அவர் கட்டிய சத்திய ஞான சபை இருக்கிறது. தைப்பூசத்தன்று அங்கே ஏழு திரைகளை நீக்கி ஜோதி காட்டுகிறார்கள்.

போகிறவர்கள் கவனத்துக்கு

சென்னையில் இருந்தும் திருச்சியில் இருந்தும் சிதம்பரத்துக்கு ரெயிலும் பஸ்சும் உண்டு. சிதம்பரத்தில் இருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரத்துக்கு டவுன் பஸ் போகிறது.

மார்கழி முதல் மாசி வரை நல்ல காலம். வெயில் கடுமையாக இராது, பறவைகளும் வந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் மழை இருந்தால் படகு விடமாட்டார்கள்.

காலையில் சீக்கிரம் படகு ஏறுவது நல்லது. தொப்பியோ துண்டோ வேண்டும். குடி தண்ணீர் கையோடு இருக்கட்டும். காட்டுக்குள் எங்கும் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு கிடையாது! மிதவைச் சட்டை கொடுப்பார்கள். நீந்தத் தெரிந்தவரும் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கிளையை ஒடிக்கவேண்டாம். குழந்தைகள் கேட்டாலும் முளை விட்ட காயைப் பறிக்கவேண்டாம். பறித்தால் அது கையில் ஒரு மணி நேர விளையாட்டுப் பொருள். விட்டுவிட்டால் அது ஒரு மரம். தின்பண்டம் வாங்கிய பிளாஸ்டிக் பையைத் தண்ணீரில் போடவும் கூடாது. பை வேரில் சுற்றிக்கொள்ளும். சேற்றில் எட்டிப் பார்க்கும் மூச்சு வேரை மூடும். மூச்சு அடைத்தால் மரம் சாகும்.

மரம் செத்தால் இறாலும் இல்லை. இருளர் கையில் பறியும் இல்லை. அடுத்த அலை வரும்போது கிள்ளைக்கு மதிலும் இல்லை.